சேஸுக்குள் போன கை

என் ஆசை மாமாவுக்கு,

நீ எங்க கீற, எப்படிக் கீறன்னு கேக்க முடியாது. அதனால இங்க நாங்க எப்படிக் கீறோம்னு நானே சொல்லிடறேன். உன் பஸ்ஸு ஓடுது. மொதல்ல அதத்தானே கேப்ப? பொண்டாட்டி சாப்ட்டாளான்னு அதுக்கப்புறந்தான் ஞாபகம் வரும். எனக்குத் தெரியாதா உன்ன!

உன் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட வண்டி படுத்துடுச்சு. பூந்தமல்லியிலேருந்து ஆவடி போற ரோட்டு, பட்டாளத்து லாரிங்க ஓடி ஓடி குண்டும் குழியுமாக் கெடக்குது. பருத்திப்பட்டு ஏரியத் தாண்டறப்ப பின்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம். உன் தம்பி வேலு அடியில பூந்து பாத்துட்டு மூஞ்சி வெளுத்து வந்தான். வண்டி மொத்தத்தையும் தாங்கற சேஸோட நீளச் சட்டத்தையும் குறுக்குச் சட்டத்தையும் சேத்துப் புடிச்சிகினு இருந்த ரிவிட்டு ஆணிங்க ஒடஞ்சு போச்சு. சண்டையில பெட்ரோல் கெடைக்கலன்னு, கரிப் பொகையில வண்டி ஓட்டப் பின்னாடி மாட்டுன கரி அடுப்போட பாரம், வேற இன்னா?

வண்டி ரோட்டுல ஓட லாயக்கான்னு பாக்கற பிரேக் இன்ஸ்பெக்டரு வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்குள்ள வண்டி சரியாவலன்னா நம்ம ரூட்டு வேற ஒருத்தனுக்குப் போயிடும். "ரூட்டு போச்சுன்னா வண்டிய வித்துடலாம்டா. கோவிந்தம்மாவ அவ அப்பன் ஊட்டுல கொண்டு போய் உட்டுடலாம்"னு அத்த, உன்னப் பெத்தவங்க, வேலுகிட்ட மெதுவாச் சொன்னாங்க. கத்திச் சொல்லியிருந்தா நானும் சண்ட போட்டிருப்பேன். மெதுவாச் சொன்னதுலதான் முடிவே பண்ணிட்டாங்கன்னு புரிஞ்சுது. புள்ள குட்டி இல்லாதவ நான். இந்த ஊட்ட உட்டுட்டா, உன்னோட வாழ்ந்ததுக்கு எனக்கு இன்னா மிச்சம், சொல்லு?

வண்டியக் கரையான்சாவடி காதர் பாய் பட்டறைக்குக் கொண்டு போனாங்க. வெல்டிங் வெச்சுடலாம், சீக்கிரம் முடியும்னு வேலு சொன்னான். பாய் ஒத்துக்கவேயில்ல. "இந்த இரும்பு சூடு கண்டா ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே விரிசல் உடும்பா. இன்னிக்கு ஓடும். ஒரு நாளைக்கு ஜனத்தோட குந்திக்கும்"னாரு. நீ இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்ப, கூட நாலு கெட்ட வார்த்தையோட.

ஒடஞ்ச ரிவிட்ட உளியால வெட்டித் தள்ளிட்டு, ஓட்டைய டிரில்லால நேராக்கி, இறுக்கமா ஒக்கார்ற போல்ட்டு போடணும்னாரு பாய். போல்ட்டுத் தல உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம். ஆனா உள்ள எப்படிப் போறது? பாரம் தாங்கணும்னு போன வருசம் நீதானே தகடு வெச்சுச் சட்டத்தப் பொட்டியாட்டம் மூடுன? கொழா போறதுக்கு ஒரே ஒரு ஓட்டைய உட்டுட்டு! உன் சாமர்த்தியத்த நெனச்சு அந்த எடத்துல உன்ன நல்லாத் திட்டுனேன், கோச்சுக்காத.

அத்த ஊட்டோட கெடன்னு சொல்லியும் கேக்காம, பட்டறையில இருந்தவங்களுக்குச் சோறு எடுத்துகினு நான் போயிருந்தேன். போல்ட்டக் கம்பியில மாட்டி உள்ள இழுத்துப் பாத்தாங்க. பாதியில கழண்டு விழுந்துச்சு. பாய் அந்தக் கொழா ஓட்டையில கைய உட்டாரு, வெரல் முட்டியாண்டயே நின்னுடுச்சு. வேலு எண்ண தடவிகினு உட்டான், தோலுதான் உரிஞ்சுது.

"நான் பாக்கறேன், தள்ளு"ன்னேன்.

"நீ இன்னா அண்ணி இதுல போயி..."ன்னு அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள என் கை உள்ள போயிடுச்சு.

மாமா, இத நீ தாங்குவியோ மாட்டியோ. நீ ஆசையா வாங்கிப் போட்ட கண்ணாடி வளையல் இருந்திருந்தா அந்தக் கை அங்க நொழஞ்சிருக்காது. காரியத்தன்னிக்கு எல்லாத்தையும் ஒடச்சுட்டாங்க இல்ல? மொட்டக் கையப் பாக்கப் புடிக்காம முந்தானைக்குள்ளயே வெச்சிகினு கெடந்தேன். அதுதான் தடையில்லாமப் போச்சு. எனக்கு அழுவாச்சி வந்துடுச்சு. அழுதுகினே வெரலால தடவி ஓட்டையக் கண்டுபுடிச்சு போல்ட்டத் தள்ளுனேன். "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு!"ன்னு வெளியில பாய் கத்துனாரு.

போல்ட்டுத் தல சுத்தாம உள்ள நான் ஸ்பேனரால புடிச்சிகினேன், வெளிய வேலு நட்ட இறுக்குனான். ஒவ்வொண்ணா எல்லாம் ஒக்காந்துச்சு. நட்டு கழலாம மேல இன்னொரு நட்டும் போட்டாங்க. சாயங்காலம் கை வீங்கிப் போச்சு. அத்த வெந்நீர் ஒத்தடம் குடுத்தாங்க.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரு சுத்தியால தட்டித் தட்டிப் பாத்தாரு. சரி, ஓட்டுங்கன்னுட்டாரு.

மறுநாள் காலையில மொதல் டிரிப்பு. தாலி அறுத்தவ எதுர்ல வந்தா நம்ம ஜனம் இன்னா செய்யும்னு உனக்குத் தெரியும். திரும்ப ஊட்டுக்குள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டுத்தான் கெளம்புவாங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு நான் கதவுக்குப் பின்னால நின்னுகினேன். இஞ்சின் ஓடுது, வண்டி நவுறல. வேலு எறங்கி வந்தான்.

"அண்ணி, வெளிய வா. வண்டிக்கு முன்னாடி வந்து நில்லு. உன்னப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

வண்டிக்குள்ள ஒரு பெரியவரு என்னமோ மொணமொணத்தாரு. "இவங்க புடிச்ச போல்ட்டு மேலதான் நீ குந்திகினு கீற. வேணாம்னா எறங்கி நடந்து போ நைனா"ன்னான் வேலு. அவரு எறங்கல.

போய் நின்னேன். தல தானாக் குனிஞ்சுடுச்சு. பின்னாலேருந்து அத்த வந்து என் முதுகுல கை வெச்சாங்க.

"நேரா நில்லுடி. வண்டி கெளம்பட்டும்."

நான் எங்கியும் போவல மாமா. புது போல்ட்டு ஓட ஓடக் கொஞ்சம் தளரும்னு பாய் சொல்லிகீறாரு. வாரத்துக்கு ஒரு தபா நானே அடியில பூந்து தட்டிப் பாத்து இறுக்குவேன். உன் வண்டிய நம்பி ஏர்ற ஜனத்துக்கு ஒரு கொறையும் வர உட மாட்டேன். இது உன் மேல சத்தியம்.

உன் மாமன் மக,
இந்த ஊட்டு மூத்த மருமவ,
கோவிந்தம்மா