மாப்பிள்ளை உடம்பு

12 ஆகஸ்ட், செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். மழை வருகிற மாதிரி பாவனை மட்டும். இரண்டு முறை கரண்ட் கட். சேவ் பண்ணாத கூழ் ஊற்றும் திருவிழா பேனர் போயே போச்சு. மறுபடி முதலிலிருந்து.

ஆடி மாதம். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. மாரியம்மனும் சாவும்தான் சோறு போடுகின்றன. கம்பெனியை விட்டு வீட்டிலேயே பேனர் டிசைன் என்று உட்கார்ந்தபோது இதை யோசிக்கவில்லை. பிரிண்ட் மட்டும் வில்லியனூரில். மற்றதெல்லாம் இந்த வாசல் அறை. சுகந்தி காய் நறுக்குவதும் இங்கேதான். திரையில் எந்த முகமோ, அந்த முகத்தோடுதான் எங்கள் சாப்பாடு.

இன்று: கூழ் 2. கண்ணீர் அஞ்சலி 1. பிரவீன், அடுத்த தெரு லட்சுமி அக்கா மகன். பைபாஸில் லாரி. நாளை காரியம். அவன் பிறந்தநாள் பேனரும் நான் செய்ததுதான். அதே ஃபைலைத் திறந்து கேக்கை எடுத்துவிட்டு விளக்கு வைத்தேன். சிரிப்பை எடுக்க முடியவில்லை.

கொசுவர்த்தி வாங்க வேண்டும்.

14 ஆகஸ்ட், வியாழன்

சுகந்திக்கு ஏழாம் மாதம். அரியூரில் செக்கப். எல்லாம் நார்மல். தலை சுற்றினால் மோர் குடிக்கச் சொன்னார்கள். அப்படியே மதகடிப்பட்டு போய் அவளுக்கு நைட்டி. போகாமலே இருந்திருக்கலாம்.

ஜங்ஷனில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மூன்று அஞ்சலி பேனர்கள் வரிசையாக. மூன்றுமே என் வேலை. கைகூப்பிய பெரியவர்கள், வெள்ளைச் சட்டை, வேட்டி. நடுவில் இருப்பவரைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்.

"செத்தவரு கையில கங்கணம் இன்னாத்துக்கு?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். அது என் கை. எங்கள் கல்யாண ஃபோட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி, தலையை எடுத்துவிட்டு, 'மாப்பிள்ளை உடம்பு' என்று சேவ் பண்ணி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் வீட்டில் ஆதார் கார்டு முகத்தைத் தவிர வேறு படம் கிடையாது. வேட்டி சட்டை போட்டு உடுங்க தம்பி என்பார்கள். நெட்டில் கிடைக்கிற உடம்பெல்லாம் எலுமிச்சை நிறம், நம் ஊர் முகம் அதில் உட்காராது. என் உடம்பில் எல்லோரும் உட்காருவார்கள். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றை அழிக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

வழியெல்லாம் நைட்டி பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

லீவு. ஸ்பீக்கரில் எங்கோ கொடியேற்றுப் பாட்டு.

சாப்பிடும்போது சொல்லிவிட்டாள்: "ஒவ்வொரு சாவுக்கும் உங்கள நிக்க வெக்கிறீங்க. வவுத்துல புள்ளைய வெச்சிக்கினு நான் அத பாத்துக்கினே சோறு துன்னணுமா? அந்த ஒடம்ப எடுத்துடுங்க. இல்ல, எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

வளைகாப்பு ஆவணியில். அதுவரைகூட இருக்க மாட்டாளாம்.

முதல் பிள்ளை கலைந்தபோது நான் கம்பெனிக்குள். கேட்டிலேயே ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் அழைத்தது ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. அதனால்தான் வேலையை விட்டேன். பக்கத்திலேயே இருக்க. இருக்கிறேன். கூடவே ஊரில் உள்ள பிணத்தையெல்லாம் வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

குளிக்கும்போது மணிக்கட்டைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சும்மா பார்த்தேன்.

16 ஆகஸ்ட், சனி

வேறு உடம்பு தேடினேன். கிடைத்ததெல்லாம் சினிமாக்காரன் தோள். நாளை அழித்துவிடுகிறேன் என்றேன். அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணி மோட்டார் ரிப்பேர்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி பிறந்தது. வெயில்.

அழிக்கலாம் என்று உட்கார்ந்தபோது லட்சுமி அக்கா. உள்ளே வரவில்லை. மாசமாக இருக்கிற பெண்ணுள்ள வீடு, நான் வரக்கூடாது என்று வாசற்படிக்கு வெளியே நின்றார். பிரவீனின் படங்கள் அவர் வீட்டில் இருப்பதைவிட என்னிடம்தான் அதிகம், கூட்டாளிகள் அனுப்பியது. அதைத்தான் பார்க்க வந்தார் என்று நினைத்தேன்.

"அவனுக்கு மாப்பிள்ள மாரி போட்டுக் குடுப்பியாபா? மாலையோட. வூட்டுக்குள்ளதான் மாட்டப் போறேன். யாருக்கும் காட்ட மாட்டேன்."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு உடம்பும் இல்லை. திறந்தேன். முகத்தை வைத்தேன். கழுத்து சரியாக உட்கார்ந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

மானிட்டரை வாசல் பக்கம் திருப்பினேன். அக்கா வெகுநேரம் பார்த்தார். அழவில்லை.

"இது அவன் கை இல்லியே. அவன் நகத்தக் கடிச்சிக் கடிச்சி வெச்சிருப்பான்."

மவுஸ் மேல் இருந்த என் கையைப் பார்த்தார். உன்னுதா என்று கேட்டார். என் கல்யாண ஃபோட்டோ என்றேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் முழங்கை ஓரத்தைக் காட்டினார்.

"இந்த செவப்பு இன்னாபா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். சரியாக வெட்டாமல் விட்ட ஓரம், நூல் அகலத்துக்குச் சிவப்பு. சுகந்தியின் கூறைப்புடவை. பக்கத்தில் நின்றிருந்தாளே. இதோ அழித்துவிடுகிறேன் அக்கா என்று மவுஸை எடுத்தேன்.

"அழிக்காத. பக்கத்துல பொண்ணு நிக்குதுன்னு நெனச்சிக்கிறேன்."

அவர் போனபின் சுகந்தி வெளியே வந்து திரைமுன் நின்றாள். அந்தச் சிவப்பையே பார்த்தாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

வில்லியனூர் போய் பிரிண்ட், ஃப்ரேம். மோட்டாருக்கு வாஷர்.

மத்தியானம் லட்சுமி அக்கா வந்தார். படத்தை நான் கொடுப்பதற்குள் சுகந்தி வாங்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, வாசற்படியைத் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்தாள். அக்கா பின்வாங்கினார். இவள் விடவில்லை. கிட்டே போய் நின்று கொடுத்தாள்.

உள்ளே வந்து என்னிடம்: "அந்தப் பையன் கடைசி. இனிமே யாருக்கும் உங்களக் குடுக்காதீங்க."

அழித்தேன். ரீசைக்கிள் பின்னிலிருந்தும். பை இன்னும் கதவோரம்தான், ஆனால் நைட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மதகடிப்பட்டில் இன்னும் மூன்று பேர் என் கையால் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பேனர் கிழிகிற மாதிரி காற்றும் மழையும் வந்தால் தேவலை.