பொழி மூடிய நாட்கள்

இன்று காலை எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தும் விரல்களில் கண்டல் சேற்றின் வாடை போகவில்லை. என் மனைவி மூக்கைப் பொத்துகிறாள். எனக்கோ நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது.

பூவாரில் ஆற்றோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை வெட்டி ரிசார்ட்டுகள் வந்தபின், கரை இடிந்து விழத் தொடங்கியது. ஞாயிறுதோறும் அவற்றைத் திரும்ப நட நாம் சிலர் கூடினோம். நீ சர்ச்சில் பூசை முடிந்து வருவாய், நான் இட்லி முடிந்து வருவேன். நீரும் வானமும் ஒரே நிறமாகக் கிடக்கும் அந்த வேளையில், முருங்கைக்காய் போன்ற பச்சை விதைகளைச் சேற்றில் குத்திக்கொண்டே போவோம். உன் பாட்டு மட்டும் எங்கிருந்தோ கேட்கும்.

பொழி பார்த்து வளர்ந்த நாமே ஏமாந்தோம். ஆறு கடலோடு சேரும் வாயான பொழி திறந்து, நீர் வற்றியிருந்த நாளில் விளிம்புவரை நட்டுவிட்டோம். மணல் வந்து வாயை அடைத்ததும் நீர் ஏறி நாற்றுகள் மூழ்கின. நீர் நிறைந்தால்தான் சுற்றுலாப் படகு தோடு என்கிற சிறு கால்வாய்களுக்குள் ஓடும். உன் பிழைப்பே அந்தப் படகுதான். ஆனாலும் மணலை வெட்ட மண்வெட்டியோடு முதலில் வந்தவன் நீ.

"எலே, படகு ஓட்டம் இல்லாம எத்தன நாளு கிடப்ப?" என்றேன்.

"கிடக்கலாம் மக்கா. நாத்துக்கு மூச்சு முட்டுதாக்கும்."

அன்று மாலை நீர் வடிய வடிய, நாற்றுகளின் நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த மாலை இன்னும் முடியாததுபோலவே எனக்குத் தோன்றும்.

போன மழையில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது பொழி மறுபடி மூடிவிட்டது. நீ கடைசியாக நட்ட வரிசை நீருக்குள் கிடந்தது. நேற்று மண்வெட்டியோடு கிளம்பிய என்னை உன் மனைவி ஸ்டெல்லா வழியில் நிறுத்தினாள். உன் படகை அவள்தான் ஆள் வைத்து ஓட்டுகிறாள்.

"அண்ணே, பள்ளிக்கூட லீவு முடியட்டும். படகுக்கு ஆளு வாறது இப்பமாக்கும். பொறவு வெட்டுங்கோ."

உன் சோற்றை நீ விட்டுக்கொடுத்தாய். அவள் சோற்றை விட்டுக்கொடுக்க நான் யார்? திரும்பி வந்துவிட்டேன். இன்று விடிந்ததும் நண்பர்களோடு நீரில் இறங்கி, உன் நாற்றுகளைத் தடவித் தடவிப் பிடுங்கி மேட்டில் நட்டோம். வேர் அறுந்தவை பல பிழைக்காது. நீ இருந்திருந்தால் என்னைக் கிழித்திருப்பாய்.

நீ போனபின் என்னோடு சண்டை போட ஆளில்லை. உன் பக்கத்தையும் நானே பேசிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மணலை வெட்டச் சொல்லி நீதான் ஜெயிக்கிறாய். ஆனால் அதை ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடா.