உன் படத்தில் என் தோள்

இன்று காலை என் வீட்டுக்காரருடைய சைக்கிள் பஞ்சர். அவர் டவுன் பஸ்ஸில் ஆபீசுக்குப் போய்விட்டார். பாப்பாவைக் கேரியரில் உட்கார வைத்தால் விழுந்துவிடுவாளோ என்று பயந்து, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, விழுப்புரம் ரயில்வே கேட் பக்கத்துக் கடை வரைக்கும் போனேன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். கடைக்காரர் ட்யூபை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திறந்தார். அவ்வளவுதான். கடையும் இல்லை, கேட்டும் இல்லை. திண்டிவனத்தில் அச்சகத்து மாடியில், ஜன்னலோர மேசையில், தலை நிமிராமல் நீ உட்கார்ந்திருக்கிறாய். "ஏய் பேஜாரு, மூடிய மூடுடி, காய்ஞ்சிடப் போவுது."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு நீ வைத்த பெயர் அது. எதையும் இரண்டு தடவை கேட்பேன், மூன்று தடவை அளப்பேன் என்பதற்காக.

டப்பாவின் விளிம்பில் காய்ந்துபோயிருந்த பிசினை என் விரல் தானாகவே உரித்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த உருண்டையை வைத்துத்தான் நாம் தாளில் ஒட்டிய அழுக்கை எடுப்போம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். தாமதத்துக்கு நீ கோபப்பட மாட்டாய். நீ எந்த வேலையை நேரத்துக்கு முடித்தாய்?

எண்பத்து மூன்று, நான்கு வாக்கில் அந்த மாடி எப்படி இருந்தது என்று இப்போது யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா தெரியவில்லை. எழுத்தெல்லாம் மெட்ராஸில் அச்சுக்கோக்கப்பட்டு, வழவழப்பான புரோமைடு தாளில் பஸ்ஸில் வரும். அதை வரிவரியாகப் பிளேடால் வெட்டி, அட்டையில் பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டி, படத்துக்கு இடம் விட்டு, பக்கத்தை நேராக்கித் தர வேண்டியது நம் வேலை. ஒரு எழுத்து தப்பாக வந்துவிட்டால் மறுபடி மெட்ராஸுக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாது. பழைய கல்யாணப் பத்திரிகை எதிலிருந்தாவது ஒரு 'ழ'வையோ 'ண'வையோ பிளேடு முனையால் பெயர்த்து வந்து ஒட்டுவோம். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி நான் வந்து சேர்வதற்குள் நீ அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்று, கடலைத் தோலை மேசையில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எண்ணெய்க் கை படக் கூடாது என்று கீழேயிருந்து முதலாளி கத்துவார். அவித்த மல்லாட்டையில் எண்ணெய் ஏது என்று நீ மேலேயிருந்து கேட்பாய்.

கோடு போடுவதற்கு ஒரு வெளிர்நீலப் பென்சில் வைத்திருப்போம். அந்த நீலம் கேமராவின் கண்ணுக்குத் தெரியாது. படம் பிடித்தால் கோடு மறைந்து, ஒட்டியது மட்டும் நிற்கும். எனக்கு அது அளவு போடும் பென்சில். உனக்கு அது வாய். ஊரார் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் எல்லாம் எதையாவது எழுதி வைப்பாய். "மாப்பிள்ளை வீட்டார் பெயர்ப் பட்டியல் ரயில் நீளம்." "இந்த முகூர்த்தத்துக்கு நான் போவேன், சாப்பாடு நல்லா இருக்கும்." முதலாளியைப் பற்றி எழுதியதை இங்கே திரும்ப எழுத முடியாது. ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கேமரா பார்த்துவிட்டால் என்ன செய்வது? ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பிரம்மதேசம் பக்கத்திலிருந்து வந்த அந்த மனிதரை உனக்கு நினைவிருக்கும். சொந்த நிலத்தில் மல்லாட்டை போட்டிருந்தவர். ஒரு கையில் மஞ்சள் பை, தோளில் கைக்குழந்தை. மனைவி தவறிப்போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. கருமாதிப் பத்திரிகையில் போட வேண்டும் என்று பையிலிருந்து ஒரு கல்யாணக் குரூப் போட்டோவை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு வேறு போட்டோவே கிடையாது. அதிலும் பின்வரிசையில், இவருடைய அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். முகத்தில் பாதிதான் தெரிந்தது.

"பெருசா ஒண்ணு சுவத்துக்கும் வேணுங்க. இது வளந்து கேட்டா காட்டணும் இல்லீங்களா," என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் அந்தக் குழந்தை உன் நீலப் பென்சிலை எடுத்து வாயில் வைத்திருந்தது. நான் பாய்ந்து பிடுங்கினேன். அது வீறிட்டது. நீ அதை வாங்கி மடியில் போட்டு, கையில் மரஸ்கேலைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "நீ ஒண்ணு பெத்தா, அத பீரோவுல வச்சி பூட்டிக்கினுதான் வேலைக்கு வருவ." அந்த மனிதர் அத்தனை துக்கத்திலும் சிரித்துவிட்டார்.

அரை முகத்தை முழு முகம் ஆக்கும் யோசனை உன்னுடையது. தெரிகிற பாதியைக் கேமராவில் பிடித்துப் பெரிதாக்கி ஒரு பிரதி. ஃபிலிமைத் திருப்பிப் போட்டு இன்னொரு பிரதி. இரண்டையும் மூக்கு நடுவில் வெட்டி ஒட்டினால் முகம் முழுசாகிவிடும். அன்றைக்கு முழுக்க அதே வேலை. மூக்குத்தி இரண்டாகிவிட்டது, ஒன்றை நான் பிளேடு முனையால் சுரண்டினேன். பொட்டு கொஞ்சம் நீண்டுபோயிற்று, நீ வெள்ளைச் சாயம் வைத்து வட்டமாக்கினாய். ஒட்டின இடம் எங்கே என்று நமக்கே தெரியாத அளவுக்குச் செய்தோம். முதலாளி வந்து பார்த்து ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றார். நீ அன்று பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாய்.

மறுநாள் அவர் வந்தார். படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பவே இல்லை. குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. வேலைய ஒண்ணும் குறை சொல்லல." படத்தை மறுபடி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஆனா இது அவ இல்லீங்க."

உன் முகம் சுருங்கி நான் பார்த்தது அன்றுதான். நீ போய்ப் படத்தின் ஒரு பாதியைத் தாளால் மூடிக் காட்டினாய். இப்போது அவள்தானே என்றாய். ஆமாம் என்றார். அடுத்த பாதியை மூடினாய். இல்லை என்றார். ஒரே கண், ஒரே கன்னம், திருப்பிப் போட்டதால் வேறு யாரோ ஆகிவிட்டது. எந்த மனுஷ முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது தினமும் முகங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நமக்குத் தோன்றவில்லை. துணிக்கடை பொம்மை ஒன்றைச் செய்து வைத்துவிட்டுச் சோடா குடித்திருக்கிறோம்.

வெட்டின துண்டு எதையும் தூக்கிப் போடாமல் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைக்கும் என் வழக்கத்தை நீ எவ்வளவு கேலி செய்திருப்பாய். அவர் கண் அந்த டப்பா மேல் போயிற்று. மேலாகக் கிடந்தது முதலில் எடுத்த சோதனைப் பிரதி. வெட்டாதது. அக்காவின் பெரிய தோள், அதற்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற அரை முகம், அதில் ஒரு சிரிப்பு.

"இதாங்க," என்றார்.

பாதி மறைந்திருக்கிறதே என்று நான் இழுத்தேன்.

"அவ எப்பவும் எவ பின்னாடியாச்சும் நின்னுக்கினுதாங்க எட்டிப் பாப்பா. என்னியே மொத மொத அப்படித்தான் பாத்தா."

எனக்கு உடனே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கருமாதிப் பத்திரிகையில் உயிரோடு இருக்கிறவர்களின் உடம்பு வரலாமா? கூட நிற்பவர்களின் கை விரல் தெரிந்தால்கூட ஊரில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சுரண்டிவிட்டுத்தான் அச்சுக்குப் போகும். இங்கே ஒரு முழுத் தோள். தோளை எடுத்தால் முகம் அந்தரத்தில் நிற்கும். அவரும் இதை யோசித்திருக்க வேண்டும். அக்காவிடம் கேட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

சாயங்காலம் அந்த அக்காவே வந்துவிட்டார். படி ஏறி மூச்சு வாங்க நின்று, படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "என் தோளு தானேம்மா. இருந்துட்டுப் போவட்டும். இத வெட்டிட்டா அந்தப் பொண்ணு எது மேல சாயும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தோளைக் கொஞ்சம் ஒல்லியாகக் காட்ட முடியுமா என்று கேட்டார். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, நூலளவு செதுக்கிக் கொடுத்தாய். பத்திரிகையும் போயிற்று, சுவருக்குப் பெரிய படமும் போயிற்று. அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை மல்லாட்டை வந்தது. அதை நீ பாதிப் பாதி பிரித்த லட்சணம் எனக்குத் தெரியும்.

பிறகு எனக்குக் கல்யாணம். பாப்பா பிறந்தாள். நீ பார்க்க வந்தபோது முதலில் கேட்டது பீரோ சாவி எங்கே என்றுதான். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை என்று படுத்தாய். அதற்கு மேல் எழுத வேண்டாம். உனக்கும் பிடிக்காது.

உன் அண்ணன் என்னைத் தேடி விழுப்புரம் வந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும், உன் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். ஊரார் முகத்தையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்த உனக்கு ஒரு ஒழுங்கான போட்டோ கிடையாது. என்னிடம் இருந்தது ஆயுத பூஜையன்று அச்சகத்தில் எடுத்தது. கேமராவைக் கண்டதும் என் பின்னால் பதுங்கி, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, பாதி முகம் மட்டும் காட்டிச் சிரிக்கிறாய்.

அதை அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். முதலாளி பார்த்துவிட்டு, பாதியைத் திருப்பிப் போட்டு முழுசாக்கிவிடலாமே, உங்களுக்குத்தான் அந்த வேலை தெரியுமே என்றார். நான் சத்தமாகவே வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் பிரம்மதேசத்துக்காரர் கதையைச் சொன்னேன். அவர் படத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "நேரா நின்னு போட்டோ புடிச்சிருந்தா அது எம்பொண்ணே இல்லம்மா," என்றார்.

அப்புறம்தான் என் மாமியாருக்குத் தெரிந்தது. உயிரோடு இருக்கிறவள், கைக்குழந்தைக்காரி, செத்தவர்களுடைய அட்டையில் நிற்கலாமா என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் சொல்வதற்கு முன்பே அதே பயம் எனக்கும் வந்துவிட்டது. பாப்பாவுக்குத் தும்மல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிறவள் நான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவளுக்கு யார் என்று எத்தனையோ நாள் விழித்துக் கிடந்தவள். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். என் தலையை வெட்டலாம், கையை வெட்டலாம். தோளை வெட்டினால் நீ எதன் மேல் சாய்வாய்? அந்த அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றது கண்ணில் வந்தது.

"என் தோள்தானே அத்தை, இருந்துட்டுப் போகட்டும்," என்றேன். மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் நான் திண்டிவனம் கிளம்பும்போது, குழந்தைக்குப் பால் பாட்டிலை அவரே கழுவி எடுத்து வைத்தார்.

அட்டையை நானே அந்த ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ஒட்டினேன். பாப்பா தரையில் உட்கார்ந்து மரஸ்கேலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடிக்கட்டும் என்று விட்டேன். பார்த்துக்கொள், பீரோ இல்லை, பூட்டு இல்லை. என் தோளை ஒல்லியாக்கவும் இல்லை.

அந்த அட்டை எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஞ்சர் கடையிலிருந்து திரும்பியதும் பாப்பாவைத் தூக்கிக் காட்டினேன். உன்னைத் தொட்டு "அத்தை" என்றாள், அது அவளுக்குப் பழக்கம். பிறகு தோளைத் தொட்டு யார் என்பதுபோல என்னைப் பார்த்தாள். அம்மா என்றேன். நம்பவில்லை. என் தோளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரிபார்க்கிறவள் மாதிரி இதே தோளில் தாடையை வைத்தாள். அப்படியே தூங்கியும் போனாள். அவளை இறக்கிப் போட மனம் வராமல் ஒற்றைக் கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அட்டையை ஒட்டி முடித்ததும் டப்பாவிலிருந்த நீலப் பென்சிலை எடுத்து, உன் படத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன். முதல் தடவையாக நான். கேமரா பார்த்துவிடுமோ என்று அச்சடித்து வரும் வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்க்கவில்லை. உன் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கையிலும் போன அட்டையில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. நான் எழுதியிருந்தது இதுதான்:

"தோள் வலிக்குது, தலைய எடுடி."