தண்ணீர் மட்டும் பாக்கி

அக்கா, நீங்கள் தையல் போட்ட துணி என் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அதிலிருந்து கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை. ஆபீசில் மேஜை டிராயரைத் திறந்தால் முதலில் அந்த வாசம்தான் வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருப்பீர்கள்! துணியைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவினேனா என்று என் உள்ளங்கையை மோந்து பார்த்தவர் நீங்கள். ஒருமுறை முறுக்கு தின்ற கையோடு துணி மாட்டியிருந்த தையல் வளையத்தைத் தொட்டுவிட்டேன். "ஏம்புள்ள, துணியையும் பொரிச்சுத் திங்கறயா?" என்று கேட்டீர்கள். இப்போது அதே துணியின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை இருக்கிறது. மாமாவின் கட்டைவிரல்தான், வேறு யாருடையது? ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய உங்கள் வீட்டுக்காரரின் விரல். நான் அதைத் துவைக்கவில்லை.

நாம் அறிமுகமானதே ஒரு சண்டையில்தானே. சங்ககிரியில் நான் வேலை பார்க்கும் லாரி ஆபீசின் ஜன்னலில் மலை தெரியும். லோடு புக்கிங் இல்லாத மத்தியானங்களில் அந்த மலையை, கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் நூலால் கிராஸ் கிராஸாகத் தையல் போட்டு முடித்து, என் வலைப்பூவில் படம் ஏற்றினேன். வந்த பின்னூட்டமெல்லாம் சூப்பர், அருமை, கை வலிக்கலையா தோழி. நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி: "மலை நல்லாருக்குதுங். ஆனா கிராஸ் ஒண்ணு கெழக்க பாக்குது, ஒண்ணு மேக்க பாக்குது. பிரிச்சுட்டு மறுபடி போடுங்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஒரு கிராஸுக்கு இரண்டு கோடு. அடியில் ஒன்று, மேலே ஒன்று. மேலே வருகிற கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. எக்ஸ் என்றால் எக்ஸ், அதில் என்ன பக்கம் என்று இருந்தவள் நான். "உங்க ஊட்டுத் துணியை நீங்க பாத்துக்குங்க" என்று பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்தது உங்கள் பதில்: "என்ற ஊடு திருச்செங்கோட்டுலதான் இருக்குது. துணியும் இருக்குது. வந்து பாருங்."

வந்தேன். சண்டை போடத்தான் வந்தேன், சத்தியமாக. நீங்கள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினீர்கள். ஒரு பக்கம் சாய்த்தால் துணி முழுக்க மினுங்கியது, இன்னொரு பக்கம் சாய்த்தால் முழுக்க அடங்கியது. என் மலையைச் சாய்த்தபோது திட்டுத் திட்டாக, தேமல் வந்த முகம் போல இருந்தது. உங்கள் தையல் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் வைத்தீர்கள். அந்தச் சாயங்காலமே மலையில் பாதியைப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க நான் அழுதேன், நீங்கள் சிரித்தீர்கள். "போட்டதெல்லாம் நம்ம கை, பிரிக்கிறதும் நம்ம கை. இதுக்கு எவளாச்சும் அழுவாளா?" என்றீர்கள்.

உங்களுக்கு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தது நான். அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் என்னிடம் பயந்தீர்கள். படம் ஏற்றினால் பழைய படம் அழிந்துவிடுமா, தப்பாக எதையாவது அமுக்கினால் போலீஸ் வருமா என்று கேட்டீர்களே! ஆனால் எழுத உட்கார்ந்துவிட்டால் எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது போல எழுதுவீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நீங்கள் எழுதிய முதல் பாடத்தை இன்றைக்கும் ஆட்கள் தேடி வந்து படிக்கிறார்கள். ஊசியில் எத்தனை இழை கோர்ப்பது, துணியின் நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது, முதல் கிராஸை எப்படிப் போடுவது என்று சொல்லிவிட்டு, கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை இரண்டாவது பாடத்தில் வைத்தீர்கள். "முதல் நாளே திட்டுனா ஓடிப் போயிருவாங்க புள்ள" என்றீர்கள். அந்த ஒரு வரி இன்றைக்கு என்னைக் கொல்கிறது அக்கா.

பிறகுதான் போர் வண்டி வந்தது. சத்தீஸ்கரில் ஏதோ காட்டில் நிற்கிற தன் வண்டியை மாமா போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். செம்மண்ணில் சிவப்பு வண்டி, நிமிர்ந்து நிற்கிற டவர், பக்கத்தில் கம்ப்ரசர். கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் அதை நீங்களே வரைந்தீர்கள். மயிலும் ரோஜாவும் போடுகிற கூட்டத்தில் போர் வண்டியா என்று நான் சிரித்தேன். உங்கள் வலைப்பூவிலும் சிரித்தார்கள். "வருசத்துல பத்து மாசம் இந்த வண்டிதான் அவரை வெச்சுக் குடும்பம் நடத்துது. அவளை நானும் ஒருக்கா உத்துப் பாக்க வேண்டாமா?" என்று எழுதினீர்கள். அதன் பிறகு எவரும் சிரிக்கவில்லை.

வாராவாரம் படம் போட்டீர்கள். டயர் முடிந்தது, டவர் முடிந்தது, பின்னால் மரங்கள் முடிந்தன. துளையிலிருந்து பீய்ச்சி அடிக்கிற தண்ணீரை மட்டும் கடைசிக்கு வைத்தீர்கள். சைட்டில் எது கடைசியாக வருகிறதோ துணியிலும் அதுதான் கடைசி என்று சட்டம் பேசினீர்கள். தினமும் சாயங்காலம் பொழுதோட மாமாவின் போன் வரும். சாப்பிட்டீங்களா என்று நீங்கள் அவரிடம் விசாரித்து நான் கேட்டதில்லை. "தண்ணி வந்துச்சுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. "வெறுங் கல்லுப் பொகைதான் வருது" என்று அவர் சொன்னால் அன்றைக்கு உங்கள் ஊசி கொஞ்சம் மெதுவாக ஓடும். தண்ணீருக்கு நீல நூல் வாங்கி வந்த என்னைத் திட்டினீர்கள். "போர்த் தண்ணி மொதல்ல சேறாத்தான் வரும். சாம்பக் கலர் வாங்கியா. பொறவு வெள்ளை. நீலமெல்லாம் சினிமாவுல."

அதற்குள் உங்கள் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். இடது கையை அசைக்கக் கூடாது, அதில்தான் குழாய். வலது கை சும்மா இருக்குமா? வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறதா? நான் படுக்கைக்குப் பக்கத்தில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலேயிருந்து நீங்கள் ஊசியை இறக்கினீர்கள். கீழே நான் அதை வாங்கி, நீங்கள் சொன்ன கட்டத்தில் மேலே அனுப்பினேன். "அந்தக் கட்டமில்ல, பக்கத்துக் கட்டம். கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டினீர்கள். நர்ஸ் பார்த்துவிட்டுக் கத்தினாள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போகிறது, ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது, எடுத்து உள்ளே வையுங்கள் என்றாள். எடுத்து வைத்தேன். அதோடு சரி. அதற்குப் பிறகு உங்கள் கை அந்தத் துணியைத் தொடவில்லை.

என்னால் என்ன செய்ய முடிந்தது? வளையத்தைப் பிடிக்கக்கூட விடவில்லை. அந்த இயந்திரம் சுற்றுவதையும் உங்கள் முகம் வெளுப்பதையும் பார்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் நீங்களே சொன்னீர்கள்: "தண்ணி மட்டும்தான் பாக்கி. என்னால ஆகலீன்னா நீ போட்டுரு. ஒரு கிராஸ் மாறிச் சாஞ்சுதுன்னாலும் கனவுல வந்து பிரிப்பேன், பாத்துக்க." சரி என்றேன். வேறென்ன சொல்வது? அடுத்த வாரம் இயந்திரத்தில் இருக்கும்போதே பிரஷர் இறங்கிவிட்டது. மாமா சத்தீஸ்கரிலிருந்து வந்து சேர மறுநாள் ஆனது.

காரியமெல்லாம் முடிந்ததும் துணியை வாங்க வீட்டுக்குப் போனேன். மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இருக்கட்டும் அம்மிணி. ரெண்டு நாள் பாத்துட்டுத் தாரேன்" என்றார். நான் எப்படிப் பிடுங்குவது? இரண்டு நாள் மாதக் கணக்கானது. வண்டியைப் பங்காளியிடம் விட்டுவிட்டாராம், வெளியே எங்கும் போவதில்லையாம். போனில் கேட்டால், "தாரேன், தாரேன்" என்பார். அவ்வளவுதான்.

போன வாரம் அவரே ஆபீசுக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அக்கா, தண்ணீர் வந்திருந்தது. சாம்பல், வெள்ளை, கடைசிக் கட்டம் வரைக்கும். யார் போட்டது என்று அவரைப் பார்த்தேன்.

"அவ பிளாக்குல இருக்குதுங்களே, மொதப் பாடம். அதப் படிச்சுப் படிச்சுப் போட்டேன்" என்றார். "ஊசி சின்னதா இருக்குது, கையில நிக்க மாட்டேங்குது. வண்டிப் பிளையர்ல புடிச்சுக்கூடப் பாத்தேன்."

முதல் பாடம் மட்டும்தான் படித்திருக்கிறார். துணியைச் சாய்த்துப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒரு கிராஸ் கிழக்கே, ஒரு கிராஸ் மேற்கே. சிலது இழுத்துப் போட்டுத் துணி சுருங்கி இருக்கிறது, சிலது தொளதொளவென்று தொங்குகிறது. என் மலையே தேவலை. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் கண்ணில் தெரிந்துவிடும் என்று பயம்.

"சரியா இருக்குதுங்களா அம்மிணி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ பாத்தா பிரிக்கச் சொல்லுவாளா?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டாங்க மாமா. நல்லாருக்குதுங்க" என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அப்ப அவ பிளாக்குல போட்டுருங்க. எல்லாருந் தண்ணி எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுட்டே இருந்தாங்கல்ல. என்ற பேரெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு முதல் நாள் நீங்கள் என் கையில் வைத்த உங்கள் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தேன். உங்களிடம் சரி என்று சொன்னேன். அவரிடமும் நல்லாருக்கு என்று சொன்னேன். இப்போது நான் யாருக்கு நாணயமாக இருப்பது? முதல் கிராஸின் அடியில் முனையை நுழைத்தேன். நூலில் கிரீஸ் ஏறிச் சாம்பலே கறுத்திருந்தது. நறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதானே வேலை? கை வரவில்லை. நீங்கள் போட்டதைப் பிரிக்கச் சொன்னால்கூடப் பிரித்திருப்பேன் போலிருக்கிறது, இதைப் பிரிக்க முடியவில்லை. பிரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் எங்கள் வீட்டுக்காரர், "அட, லைட்டுல பாத்தா தண்ணி ஆடற மாதிரியே இருக்குதே" என்கிறார். பெரிய ரசிகர்! தப்புக்குச் சாயம் பூசாதீர்கள் என்று எரிந்து விழுந்தேன். நீங்கள் இருந்தால் அந்த மனுஷன் தலையில் ஒரு கொட்டு வைத்திருப்பீர்கள். தப்பு தப்புதான். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

படத்தை உங்கள் வலைப்பூவில் போட்டேன். தண்ணீர் வந்துவிட்டது என்று ஒரே வரி எழுதினேன். பின்னூட்டங்கள் வந்து குவிகின்றன. அருமை என்கிறார்கள், கண் கலங்கியது என்கிறார்கள். நான்தான் முடித்தேன் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "கடைசி வரைக்கும் அக்காவின் கை அப்படியே தெரிகிறது. எது அவங்க போட்டது, எது நீங்க போட்டதுன்னு கண்டுபிடிக்கவே முடியலை." படித்துவிட்டுப் போனைத் தூக்கி எறியலாமா என்று வந்தது. இத்தனை வருஷம் உங்களிடம் படித்தவர்கள், ரெண்டாவது பாடத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்! ஒருத்தருக்காவது கண் தெரிய வேண்டாமா? படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு விரல் போதாதா?

மாமாவும் அதையெல்லாம் படிக்கிறார் போலிருக்கிறது. நேற்று போனில், "எல்லாரும் நல்லாருக்குதுன்னு போட்டிருக்காங்களே அம்மிணி" என்றார். குரலில் சின்னதாக ஒரு சந்தோஷம். ஆமாங்க மாமா என்றேன்.

கத்தரிக்கோல் என் பையிலேயே இருக்கிறது. என் துணியில் ஒரு கிராஸ் மாறிச் சாய்ந்தாலும் அதே இடத்தில் பிரித்துவிடுகிறேன். லோடு இல்லாத நேரத்தில் உங்கள் வலைப்பூவைத் திறந்து, புதிதாக வந்த பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். எல்லாம் சூப்பர், எல்லாம் அருமை. நடுவில் ஒன்றாவது, தண்ணியில கிராஸ் ரெண்டு பக்கமும் சாயுது, பிரிச்சுட்டு மறுபடி போடுங் என்று வராதா என்று பார்க்கிறேன்.

பிரிக்க மாட்டேன் அக்கா. ஆனாலும் நீங்கள் ஒருதரம் சொல்லுங்கள்.