சொல்லாமல் எழுந்து வந்தது

புனித வாரம், திங்கள் இரவு

இன்று கோவிலில் பாவசங்கீர்த்தனம். மண்டியிட்டேன், அவ்வளவுதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எங்கள் பங்குத்தந்தை. நான் தற்காலிக ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்குத் தாளாளரும் அவரே. பாதை குறுகல், ஈஸ்டர் தேர் இந்த வருடமும் எங்கள் காலனித் தெருவுக்கு வராது என்று நேற்றுப் பூசையில் அறிவித்தவரும் அவரே. அதே பாதையில் சிமெண்ட் லாரி வந்து போகிறது.

அவரை வெறுக்கிறேன் என்பதுதான் என் பாவம். அதை அவரிடமே எப்படிச் சொல்வது?

"அம்மாவை எதுத்துப் பேசினேன் ஃபாதர்."

"வேற ஏதாச்சும் இருக்காம்மா?"

"இல்லைங்க ஃபாதர்."

வெளியே காத்திருந்த அம்மா சிரித்தாள். "அதுக்குள்ள முடிச்சிட்டியா? அவ்ளோ யோக்கியமாடி நீ?"

அரியலூருக்குப் பஸ் ஏறி, முகம் தெரியாத ஒரு ஃபாதரிடம் சொல்லலாம். அதற்கு லீவு கொடுக்க வேண்டியவரும் இவர்தான்.

ஆண்டவரே, உம்மிடம் நேராகவே சொல்கிறேன். வெறுப்பைக்கூடச் சொல்லிவிடலாம். அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. ஜூனில் என் வேலையை நிரந்தரமாக்குவதாக அவர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் எங்கள் தெருப் பையன்கள் வந்து, தேர் கேட்டு எழுதிய மனுவில் என் கையெழுத்தைக் கேட்டார்கள். "நாளைக்கு வாங்கடா" என்று அனுப்பிவிட்டேன். தலைவலி என்று வேறு சொன்னேன்.

காலையில் வந்துவிடுவார்கள். நான் என்ன செய்ய வேண்டும் என்று உம்மைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வீர் என்று தெரியும். அதனால்தான் இன்று ஜெபமே வரவில்லை.