எங்கள் மேசையைச் சுற்றுலாப் பட்டியலிலிருந்து நீக்குவதும் ஃபோல்க்மாரைத் திருப்பித் தருவதும் குறித்து

அனுப்புநர்:
எக்கார்ட் லோமன்,
குடிநீர் வாரிய மேற்பார்வையாளர் (ஓய்வு),
ஆலைத் தெரு,
ப்ரெம்மல்ஹைம், ஜெர்மனி.

பெறுநர்:
முனைவர் அன்னெக்ரேட் போல் அவர்கள்,
இயக்குநர்,
வெளிநாட்டு மாணவர் கோடைகாலப் படிப்புத் திட்டம்,
ப்ரெம்மல்ஹைம் பல்கலைக்கழகம்.

பொருள்: 'மூன்று வாத்து' விடுதியின் வட்ட மேசையையும் அதில் உட்காருபவர்களையும் பண்பாட்டுச் சுற்றுலாவில் காட்சிப்பொருளாக வைத்தது, அதனால் ஏற்பட்ட இழப்பு, நிவாரணம் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் திட்டத்தின் 'ஜெர்மனியை அருகில் காண்போம்' கையேடு, பதினோராம் பக்கம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் திட்டத்தின் மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். உலகின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து கோடை முழுவதும் எங்கள் மொழியைக் கற்பதும், வியாழன்தோறும் பேருந்தில் ஏற்றப்பட்டு எங்கள் பண்பாட்டைப் பார்த்துவருவதும் நல்ல காரியங்களே. கோட்டையைக் காட்டுங்கள். தேவாலயத்தைக் காட்டுங்கள். அவற்றுக்கு வாய் கிடையாது, மனு எழுதத் தெரியாது. எங்களைக் காட்டியதுதான் வம்பாகிவிட்டது.

1. சந்தைத் திடலில் உள்ள 'மூன்று வாத்து' விடுதியில் சமையலறைக் கதவை ஒட்டிய வட்ட மேசை எங்களுடையது. நான், முடிதிருத்தும் கடை வைத்திருந்த ரைன்ஹோல்ட், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த இங்கோ, ரயில்வேயில் சிக்னல் பார்த்த ஃபோல்க்மார் டீலெ ஆகிய நால்வரும் வியாழன் மாலைகளில் அங்கே பீர் குடித்துச் சீட்டாடுவோம். விடுதி நிரம்பி வழிந்து, ஆட்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் அந்த மேசை எங்களுக்காகக் காலியாகத்தான் கிடக்கும். இந்த ஊரில் வளர்ந்த எவரும் அதில் உட்கார மாட்டார். முன்பு ஒரு மேயர் உட்கார்ந்தார். அடுத்த தேர்தலில் அவர் தோற்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

2. இப்படிப்பட்ட மேசையைத் தங்கள் கையேட்டில், உப்பு அருங்காட்சியகத்துக்கும் கழிப்பறை இடைவேளைக்கும் நடுவே, 'உள்ளூர் மக்கள்: இயல்பான சூழலில்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறீர்கள். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏரிக்கரை நாரைகளுக்குக்கூட அதே கையேட்டில் 'தொந்தரவு செய்யாமல் தூர நின்று பார்க்கவும்' என்று ஒரு வரி போட்டிருக்கிறது. எங்களுக்கு அந்த மரியாதையும் இல்லை.

3. ஜூலை மாதம் இரண்டாவது வியாழனன்று, தங்கள் வழிகாட்டி திரு. யான்-ஹென்ட்ரிக் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி விடுதிக்குள் நுழைந்தார். அன்று மழை இல்லை. விடுதிக்குக் கூரையும் இருக்கிறது. பின்னாலேயே முப்பது மாணவர்கள் வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். அவர் எங்கள் தலைக்கு மேலாக, எங்களுக்குக் காது கேட்காது என்ற தீர்மானத்தோடு, பின்வருமாறு விளக்கினார்: "இதுதான் ஜெர்மன் நட்பு. நாலு பேரும் பல வருஷமா அதே நாற்காலியில உக்கார்றாங்க. பெருசா பேசிக்க மாட்டாங்க. பயப்படாம கிட்ட வாங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"நான் என்ன கரடியா?" என்று ரைன்ஹோல்ட் கேட்டார்.

"பாத்தீங்களா, நகைச்சுவை உணர்வும் இருக்கு. எழுதிக்குங்க" என்றார் வழிகாட்டி. முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

4. அடுத்து, மேசைக்கு வருபவர் தனித்தனியே கைகுலுக்க மாட்டார், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார், அதுதான் எல்லோருக்கும் சேர்த்து வணக்கம் என்று சொல்லிக்கொடுத்தார். தகவல் சரிதான். ஆனால் அது மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நான்காமவர் வரும்போது செய்வது. முப்பது பேர் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக வந்து தட்டி, சரியாகத் தட்டினோமா என்று வழிகாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் என்ன ஆகும்? எங்கள் பீர் நுரை எல்லாம் துள்ளிச் சீட்டின் மேல் விழுந்தது. இங்கோவின் கையில் அன்றைக்கு அருமையான சீட்டுகள் இருந்தன. அதை அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

5. மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் இருந்தது. 'இவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? ஆதாரத்துடன் எழுதுக' என்பது அதில் ஒரு கேள்வி. எனக்கு எதிரே நின்ற உயரமான பையன் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு 'ஆதாரம் கிடைக்கவில்லை' என்று எழுதினான். தலைகீழாக வாசிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. இதுவரை சொன்னவற்றை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இனி வருவதுதான் புகாரின் மையம்.

6. ஃபோல்க்மாரின் மனைவி கெர்லிண்ட காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து அவர் மேசைக்கு வந்தால் மேல்கோட்டைக் கழற்றுவதில்லை. பனிக்காலத்துக் கம்பளிக் கோட்டு, ஜூலை மாதத்திலும் கழுத்து வரை பொத்தான் போட்டபடி. நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் தானாகச் சொல்லாததைத் தோண்டிக் கேட்பது எங்கள் மேசையில் வழக்கம் இல்லை. அவருக்குக் குளிர்கிறது போலும் என்று எண்ணி, பக்கத்து ஜன்னலைச் சாத்திவைக்கும்படி விடுதிக்காரர் ஹில்ட்ரூடிடம் நானே சொன்னேன். இரண்டு கோடையாக நாங்கள் மூவரும் அந்த மூலையில் வெந்துகொண்டிருந்தோம். முணுமுணுப்பு ஒன்றுகூட எழவில்லை. கடுங்குளிரிலும் ஜன்னலைத் திறந்து காற்று வாங்காமல் இருக்க மாட்டாதவர்கள் எங்கள் மக்கள் என்பது தங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் நட்பு என்று எதைச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை.

7. ஆனால் தங்கள் மாணவி ஒருவர், பெயர் கேத்தவான், காக்கசஸ் மலைப்பக்கத்து ஜார்ஜியா நாட்டவர், வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஃபோல்க்மாரைப் பார்த்து, "ஐயா, ஏன் கோட்டக் கழட்டாம உக்காந்திருக்கீங்க? எங்கயாவது கிளம்பணுமா?" என்று கேட்டுவிட்டார். வினாத்தாளில் அந்தக் கேள்வியே கிடையாது. நான் சரிபார்த்தேன்.

ஃபோல்க்மார் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "என் வீட்டுக்காரி ராத்திரி வந்து வாசல்ல நிப்பாம்மா, என்னைக் கூட்டிட்டுப் போக. உள்ள வரமாட்டா, இவங்க சத்தம் ஆகாது அவளுக்கு. அவ வர்ற நேரம் ஆச்சுன்னா கோட்ட மாட்டிக்கிட்டுத் தயாரா இருப்பேன், காக்க வைக்கக் கூடாதுன்னு. அவ செத்துப் போயிட்டா. இப்ப எத்தன மணிக்கு வருவான்னு தெரியலையே. அதான் முதல்லேர்ந்தே போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

இரண்டு ஆண்டுகளில் அந்த மேசையில் அவர் பேசிய மொத்தப் பேச்சைவிட இது நீளம்.

8. அம்மையீர், தங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாடத்தை முடித்ததும் மாணவர்கள் பாராட்டாக மேசையைத் தட்டுவது வழக்கம். இந்தப் பிள்ளைகள் அதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எங்கே தட்டக் கூடாது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஃபோல்க்மார் பேசி முடித்ததும் முப்பது பேரும் குனிந்து, கைக்கு எட்டிய மேசை, நாற்காலி, சுவர் எல்லாவற்றையும் தட்டினார்கள். பெண்டாட்டி செத்ததைச் சொன்ன மனிதனுக்குப் பாராட்டு! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கத்துவதற்காக எழுந்தேன். ஆனால் ஃபோல்க்மார் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வடிய, தோள் குலுங்கச் சிரித்தார். "சிக்னல் பெட்டியில நாற்பது வருஷம் வேல பாத்தேன். ஒருத்தன்கூட எனக்குத் தட்டினதில்ல" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அந்த மாணவி, இறந்தவர் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்த வேண்டும், பீரை வைத்து அதைச் செய்வது தன் நாட்டில் மரியாதை இல்லை என்று கூறித் திராட்சை மது கேட்டார். எங்கள் மேசைக்கு அது வந்ததே இல்லை. அன்று வந்தது. முப்பத்துநான்கு பேரும் எழுந்து நின்று 'கெர்லிண்ட' என்று சொல்லிக் குடித்தோம். வழிகாட்டி குடையைப் பிடித்தபடி கழிப்பறை இடைவேளை கடந்து போகிறது என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.

9. ஏற்பட்ட இழப்பு: அடுத்த வியாழன் ஃபோல்க்மார் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால், "இந்த வாரமும் முடியாதுப்பா எக்கார்ட், பசங்களோட கோட்டைக்குப் போறேன்" என்கிறார். அறுபத்தெட்டு வயதுவரை இதே ஊரில் இருந்துவிட்டு அந்தக் கோட்டையில் காலே வைக்காத மனிதர் அவர். தங்கள் அலுவலகம் அவரைப் 'பண்பாட்டுத் துணைவர்' என்று நியமித்து நீலத் தொப்பி கொடுத்திருப்பதாகவும் அறிகிறேன். மாணவர் விடுதிப் பக்கம் நான் தற்செயலாக நான்கைந்து தடவை நடந்துபோக நேர்ந்தது. சமையலறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உள்ளே ஃபோல்க்மார், கறி வைத்த கொழுக்கட்டை ஒன்றுக்கு மடிப்பு வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பெண், "மடிப்பு பத்தல தாத்தா, பிரிங்க" என்று அதட்டினார். அவர் மறுபேச்சின்றிப் பிரித்தார். கோட்டு எங்கும் கண்ணில் படவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

10. எங்கள் சீட்டாட்டத்துக்கு மூன்று பேர் போதும் என்று ஹில்ட்ரூட் சொல்கிறார். உண்மைதான். நால்வர் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சீட்டைப் பிரித்துக் கொடுத்தவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதைப் பற்றி நாங்களே காலமெல்லாம் சலித்துக்கொண்டவர்கள்தான். இப்போது யாரும் சும்மா உட்காருவதில்லை. ஆட்டம் தடையில்லாமல் நடக்கிறது. இப்படி ஒரு சனியன் பிடித்த ஆட்டத்தை நான் ஆடியதே இல்லை.

11. நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த ஏரிச் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளத் தங்கள் இணையதளத்தில் விண்ணப்பித்தேன். வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும், ஜெர்மனியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்று இரண்டு காரணங்களைக் காட்டி மறுத்துவிட்டார்கள். முதலாவதை என்னால் மாற்ற இயலாது. இரண்டாவதை மாற்றும் அளவுக்குக் கோபம் வந்தது.

ஆகவே, கீழ்க்காணும் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, எங்கள் மேசையைக் கையேட்டிலிருந்து நீக்க வேண்டும், அல்லது நாரைகளுக்கு உரிய வரியையாவது எங்களுக்கும் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக, ஃபோல்க்மாரை வியாழன் மாலைகளில் எங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை ரைன்ஹோல்ட் வாசித்துவிட்டு, "அவன் என்ன குடையா, மறந்து வச்சிட்டு வந்து கேக்கறதுக்கு?" என்றார். எனவே தலைப்பில் அது இருந்தாலும் இரண்டாவது கோரிக்கையை அழுத்தப் போவதில்லை.

மூன்றாவது கோரிக்கைக்காகவே இந்த மனுவைக் கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன். ஆகஸ்ட் கடைசியில் மாணவர்கள் அவரவர் ஊருக்கு விமானம் ஏறிவிடுவார்கள். சமையலறை பூட்டப்படும். தொப்பியைத் தங்கள் அலுவலகம் திரும்பப் பெற்றுக்கொள்ளும். செப்டம்பர் முதல் வியாழனன்று ஃபோல்க்மார் போவதற்கு எங்கள் மேசையைத் தவிர வேறு இடம் இருக்காது. அவர் வந்து உட்காரும்போது கோட்டோடு உட்கார்ந்தால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்தக் குரலில் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. ஜன்னலைச் சாத்த மட்டுமே தெரியும்.

எனவே, வயது வரம்பையும் நாட்டுரிமை விதியையும் எங்கள் மூவரின் பொருட்டுத் தளர்த்தி, மாணவி கேத்தவான் ஊர் திரும்புவதற்குள் அவரிடம் எங்களுக்கு ஒரு மாலை வகுப்பு ஏற்பாடு செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சான்றிதழ் வேண்டாம். வகுப்பு முடிந்ததும் நாங்கள் மேசையைத் தட்டுவோம்.

இடம்: ப்ரெம்மல்ஹைம்
நாள்: ஆகஸ்ட் 14

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எக்கார்ட் லோமன்

உடன் கையொப்பமிடுவோர்: ரைன்ஹோல்ட், இங்கோ.
(ஃபோல்க்மார் டீலெ அவர்களுக்கு இம்மனு குறித்து ஏதும் தெரியாது. தயவுசெய்து சொல்ல வேண்டாம்.)