மணிக்கு அறுபத்தைந்து, வருடத்துக்கு எவ்வளவு?

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நான் இன்னும் வைட்ஃபீல்ட் மாலில் அதே பர்கர் கடையில்தான் இருக்கிறேன். மணிக்கு அறுபத்தைந்து ரூபாய். வருகிறவர்களிடம் "எக்ஸ்ட்ரா சீஸ் வேணுமா சார்" என்று கேட்க இன்னும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு முறை கேட்டால்தான் ஒரு முறை வெளியே கேட்கிறது.

அதனால் வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். ஆன்லைனில் துணி விற்கிற ஒரு கம்பெனியின் கிடங்கு. வேண்டாம் என்று ஆட்கள் திருப்பி அனுப்பும் துணியை விரித்துப் பார்த்து, கறை, கிழிசல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. மாதச் சம்பளம். ஒன்பதாவது படித்தால் போதும் என்று போட்டிருந்தார்கள்.

பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். அப்புறம் ஒரு கட்டம். இப்போது வாங்கும் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு? அதில் பேனா நின்றுவிட்டது. எனக்கு மணிக்கு எவ்வளவு என்று தெரியும். வருடத்துக்கு எவ்வளவு என்று இதுவரை யார் கேட்டார்கள்? உன்னை யாராவது கேட்டிருக்கிறார்களா?

கடையில் என்னோடு நிற்கும் ரேஷ்மாவிடம் காட்டினேன். அவள் போனை எடுத்து ஒரு நொடியில் போட்டாள். "அறுபத்தஞ்சு இன்ட்டு எட்டு, இன்ட்டு முன்னூத்தி அறுபத்தஞ்சு. ஒரு லட்சத்து எம்பத்தொம்பதாயிரத்து எண்ணூறு. எழுது."

"வாரத்துக்கு ஒரு நாள் லீவு இருக்கே?"

"அரே, அந்த லீவ யாரு வந்து எண்ணப் போறாங்க? உன்ன மாதிரி ஆளாலதாண்டி நமக்கெல்லாம் சம்பளம் ஏறவே மாட்டேங்குது."

எழுதவில்லை. உன் கணக்கு ஒன்றுதான் எனக்குத் தெரியும். அபார்ட்மென்டில் நீ நாலு வீட்டில் வேலை செய்தாய். போகாத நாளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் பிடித்தார்கள். "கையில வந்ததுதாண்டி சம்பளம். மீதியெல்லாம் அவங்க வாய்ப்பேச்சு" என்பாய். அதனால் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் போனில் திறந்து, கைக்கு வந்ததை மட்டும் கூட்டினேன். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

ஏன் இவ்வளவு குறைவு என்று பார்த்தேன். கூட்டம் இல்லாத நாளில் ஐந்து மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனது இருநூற்று இருபத்தாறு மணி நேரம். மீதி, ஐம்பத்தைந்து ஷிப்ட். அதில் நாற்பத்தொன்று ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தது. பதினான்கு, உன் காரியம் முடியும் வரை.

ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் கண் திறந்ததும் நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது. "இன்னிக்கும் போகலியா? ஐந்நூறு போச்சே." ஐந்நூற்று இருபது, அம்மா. நான் திருத்தவில்லை.

கைக்கு வந்த அந்தத் தொகையையே படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கிடங்கின் மாடியில் சின்ன அறை. உள்ளே இருந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் சொன்னாள். உட்கார்ந்தேன். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"ஒரு அவருக்கு அறுபத்தஞ்சு, எட்டு மணி நேர ஷிப்டுன்னு எழுதியிருக்க. வருஷத்துக்கு ஒண்ணு பதினெட்டுன்னு போட்டிருக்க. கணக்கு இடிக்குதே? வேலைக்கு ஒழுங்கா போறதில்லையா?"

அவள் மூடியைத் திருகிப் பேனாவை மூடினாள்.

"இங்க நிறைய லீவு போடறவங்கள எடுக்கறதில்லம்மா. அதான் கேக்கறேன்."

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. கதவு பக்கத்தில்தான். எப்படி வாய் திறந்தேன் என்று தெரியவில்லை.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க மேடம். நாப்பத்தோரு ஷிப்ட் போச்சு. அப்புறம் ஒரு பதினாலு."

"அந்தப் பதினாலு?"

"காரியம் வரைக்கும்."

"சாரி" என்றாள். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். "இதுல நீ வராத நாளக் கழிக்கக் கூடாது. உன் ரேட் என்ன, முழு வருஷம் வேல செஞ்சா எவ்வளவு வரும், அதுதான் கேள்வி. இந்த நம்பர் மேலதான் இத்தன பர்சென்ட்னு ஏத்திக் குடுப்பாங்க. கம்மியா எழுதினா உனக்குத்தான் நஷ்டம்."

"கடையில சீக்கிரம் அனுப்பிடுவாங்களே மேடம், அந்த மணி நேரம்?"

"அனுப்பினது நீயா, அவங்களா?"

"அவங்க."

"அப்புறம் என்ன? போடு."

பழைய எண்ணை அடித்தேன். அறுபத்தைந்தை எட்டால், பிறகு இருபத்தாறால், பிறகு பன்னிரண்டால் பெருக்கினேன். ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. பக்கத்தில் 'மணிக்கு 65, வாரத்துக்கு ஆறு நாள் என்ற கணக்கில்' என்று சின்னதாக எழுதினேன். ரேஷ்மா சொன்னதும் இல்லை, நீ சொன்னதும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது மெட்ரோவில் உனக்கும் போட்டுப் பார்த்தேன். நாலு வீடு, வீட்டுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம், முப்பது நாள். மணிக்கு நாற்பத்தாறு ரூபாய் சில்லறை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் படி ஏறிய நேரம் அதில் இல்லை. வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து நானூறு. உன்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா? "எங்கடி போச்சு அவ்வளவும்" என்று சிரித்திருப்பாய்.

நேற்று கடிதம் வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது, அம்மா. வருடத்துக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் போகக் கையில் கொஞ்சம் குறையும். அப்பா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு. அதை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. போகாத நாளுக்கும் பணம். உனக்கு அப்படி ஒரு நாளாவது இருந்ததா?

உன் முதல் வருட நினைவு நாளுக்கு இன்னும் நாலு மாதம். அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுப்பேன். காரணம் கேட்டால் வாய் திறந்து சொல்வேன். நாள் முழுக்க வீட்டில் உன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ கவலைப்படாதே. அந்த நாளுக்கு எதுவும் போகாது.

உன் ஒரே மகள்,
அமுதா